பேக்கிங் கவருக்கான தரச்சான்றைக் கவர் விற்பவரிடமே கேட்க வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
சிறு தின்பண்ட உற்பத்தியாளர்கள் சங்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: உணவோடு நேரடியாகப் படும் பேக்கிங் பொருளுக்கான இணக்கச் சான்று – சிறு உற்பத்தியாளர்களிடம் கேட்கப்படுவது – பேக்கிங் பொருள் விற்பனையாளர்களைப் பொறுப்பாக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் சங்கம் ஏற்கெனவே அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

முறுக்கு, காராச்சேவு, கடலை மிட்டாய், அதிரசம், ஊறுகாய் ஆகியவற்றை வீட்டிலும் சிறு கூடங்களிலும் செய்து விற்போரின் சங்கம் எங்களுடையது.

இது நான்காவது மனு. முதல் மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் கொடுத்தோம். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. எங்கே அனுப்பப்பட்டது என்று கேட்டு இரண்டாவது மனு கொடுத்தோம். சம்பந்தப்பட்ட அலுவலரை நேரில் அணுகலாம் என்று பதில் வந்தது. அணுகினோம். எழுத்தில் கொடுங்கள் என்றார். அதுதான் மூன்றாவது மனு. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. முதல் மனுவில் எழுதியதையே மறுபடியும் எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறோம். குறை மாறாததால் வாசகமும் மாறவில்லை.

கோரிக்கை 1: இணக்கச் சான்று

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய (பேக்கேஜிங்) ஒழுங்குமுறைகள், 2018, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அறிவிக்கை செய்யப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. உணவோடு நேரடியாகப் படும் பேக்கிங் பொருளுக்கு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் இணக்கச் சான்று தேவை என்று அவை கூறுகின்றன. இந்த விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. விதி சான்று கேட்பது பேக்கிங் பொருளுக்கு. நம் மாவட்டத்தில் அது அந்தப் பொருளைச் செய்தவரிடமும் கேட்கப்படுவதில்லை, விற்றவரிடமும் கேட்கப்படுவதில்லை. கடைசியாக வாங்கி முறுக்குக் கட்டுபவரிடம் மட்டும் கேட்கப்படுகிறது.

எந்தப் பண்டத்துக்கு எந்தக் கவர் என்பது எங்களுக்குத் தெரியும். எண்ணெயில் பொரித்த பண்டத்துக்குக் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. ஆகவே மெல்லிய பாலித்தீன் பையில் நாளாக நாளாக முறுக்கில் சிக்கு வாடை ஏறும். முடிந்தவர்கள் உலோகப் பூச்சிட்ட பாலியெஸ்டரும் பாலித்தீனும் சேர்த்து ஒட்டிய கவருக்கு மாறியிருக்கிறார்கள். வெல்லப்பாகில் பிடித்த கடலை மிட்டாய் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அதற்கு ஈரம் புகாத பி.பி. (பாலிபுரோப்பிலீன்) கவர். ஊறுகாயின் புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். அதற்குக் கண்ணாடிப் புட்டி. செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று மேற்படி ஒழுங்குமுறைகளே தடுக்கின்றன, நாங்களும் விட்டுவிட்டோம். இப்படிக் கவரின் வகையை எங்களால் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் அது உணவுக்கு உகந்த மூலப்பொருளில் செய்ததா, உகந்த மையில் அச்சிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எங்களால் முடியாது. சோதிக்க வரும் அலுவலராலும் முடியாது.

கவர் வாங்கும் இடத்தைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பஜாரில் பேக்கிங் கடையில் ரோல் ரோலாக அடுக்கியிருக்கும். கேட்ட அளவுக்கு வெட்டி, தராசில் போட்டு, கிலோ கணக்கில் தருவார்கள். பில்லில் "கவர் – 5 கிலோ" என்று இருக்கும். சில நாள் பில்லே இருக்காது. தயாரித்தவர் பெயர் ஏதும் இருந்தால் அது ரோலின் சீட்டோடு கடையிலேயே நின்றுவிடும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர், கணவரை இழந்தவர், இரண்டு அடுப்பு வைத்துச் சேவு போடுபவர். சென்ற தீபாவளிக்குப் பெயர் அச்சிட்ட கவர் வாங்கினார். கட்டி வைத்த பாக்கெட்டை மறுநாள் பிரித்தால் சேவில் பெயின்ட் வாடை. கடையில் போய்க் கேட்டதற்கு, "புட் கிரேடுதாம்மா, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று பதில். ஒரு பாக்கெட் தவிர அந்தச் சரக்கு முழுவதையும் அவர் குப்பையில் கொட்டினார். சில வாரம் கழித்துச் சோதனைக்கு வந்தவர்கள் அவரிடம் கேட்டது, கவருக்கு இணக்கச் சான்று எங்கே என்று. கவர் விற்ற கடைக்கு யாரும் போகவில்லை.

சான்றுக்கான சோதனை எளிதானதல்ல. ஐ.எஸ். 9845 முறைப்படி, கவர்த் துண்டை உணவுக்கு ஈடான திரவத்தில் வைத்து, அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். புளிப்புப் பண்டத்துக்கு 3 சதவீத அசெட்டிக் அமிலம். எண்ணெய்ப் பண்டத்துக்கு ஹெப்டேன். இறங்குவது கிலோவுக்கு 60 மில்லிகிராம் அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கவர் ஆலை இதை ஒருமுறை செய்தால் அந்தச் சரக்கு முழுவதற்கும் ஆகும். ஒரே ரோலிலிருந்து பத்துப் பேர் வெட்டி வாங்கினால், பத்துப் பேரும் தனித்தனியே ஆய்வகத்துக்கு ஓட வேண்டுமா?

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. முந்தைய மூன்று மனுக்களிலும் இதைச் சொன்னோம், மறுபடியும் சொல்கிறோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006, பிரிவு 26(4)-இன்படி, வியாபாரிக்கு உணவுப் பொருளை விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். அவர் தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கொள்ளப்படும். மிளகாய்ப் பொடிக்கும் கடலை எண்ணெய்க்கும் சட்டம் காட்டும் முறை இது. அவற்றைக் கொண்டு செய்த பண்டத்தைப் பொதியும் கவருக்கு மட்டும் இந்த முறை இல்லை. கவர் உணவுப் பொருள் ஆகாதே என்று மறுப்பு வரலாம். பிரிவை அப்படியே கவருக்குப் பொருத்தச் சொல்லவில்லை. அதன் முறையைப் பின்பற்றச் சொல்கிறோம். பேக்கிங் கடைகள் தங்கள் அதிகாரத்துக்குள் வரா என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தங்களிடம் வருகிறோம்.

எனவே கேட்பது:

(அ) மாவட்டத்திலுள்ள பேக்கிங் பொருள் மொத்த வியாபாரிகளைத் தாங்கள் கூட்டி, உணவுக்கென்று விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் இணக்கச் சான்றின் நகலைக் கடையில் வைக்கவும், பில்லில் தயாரிப்பாளர் பெயர், கவரின் வகை, சரக்கு எண் மூன்றையும் எழுதித் தரவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

(ஆ) அத்தகைய பில் வைத்திருப்பவரை உரிய கவனம் எடுத்தவராகக் கொள்ள வேண்டும். தண்டத்தொகை விதிக்கும்போது, தவறு அறியாமல் நேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லும் பிரிவு 49-ஐ மறக்கக் கூடாது.

(இ) குறை கண்டால் முதலில் பிரிவு 32-இன்படி, 14 நாளுக்குக் குறையாத அவகாசத்துடன் மேம்பாட்டு அறிவிப்பு தர வேண்டும்.

பிற கோரிக்கைகள்

2. உணவுப் பாதுகாப்புத் துறை மூடிய கவர் கேட்கிறது. பிளாஸ்டிக் தடைச் சோதனைக்கு வரும் உள்ளாட்சிப் பணியாளர்கள் அதே கவரைக் கையில் எடுத்து விசாரிக்கிறார்கள். எந்தக் கவர் ஆகும், எது ஆகாது என்று இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒரே பட்டியல் வெளியிட ஆவன செய்ய வேண்டும்.

3. பனை ஓலைக்கொட்டான், வாழை இலை, மந்தாரை இலை ஆகியவற்றில் பண்டம் பொதிவது குறித்து எழுத்து மூலம் தெளிவுரை வழங்க வேண்டும்.

4. மேற்படி ஒழுங்குமுறைகளில் உணவு வகைவாரியாக உள்ள பேக்கிங் பரிந்துரைப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு வழங்க வேண்டும்.

5. பேக்கிங் குறித்த பயிற்சியை மாவட்டத் தொழில் மையம் வழியாக நடத்திட வேண்டும்.

இரண்டு முதல் ஐந்து வரையுள்ளவை தாமதமானால் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கைக்கு அந்தப் பொறுமை எங்களிடம் இல்லை. "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதில் எங்கள் கோப்பில் ஏற்கெனவே ஒன்று உள்ளது. இம்முறை, பேக்கிங் வியாபாரிகளை அழைக்கும் கூட்டத்தின் தேதியையே பதிலாகத் தருமாறு பணிந்து வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்.

நகல்: மாவட்ட நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை.

இணைப்பு:
1. முந்தைய மூன்று மனுக்களின் நகல்களும் ஒப்புகைச் சீட்டுகளும்.
2. "கவர் – 5 கிலோ" என்று மட்டும் எழுதிய பில் ஒன்று.
3. மேலே குறிப்பிட்ட சேவு பாக்கெட் ஒன்று, பிரிக்காதது. முகர்ந்து பார்க்கவும்.