வார்த்தைக்கு எவ்வளவு?

"சார், வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸா மொழிபெயர்க்கலாம்னு இருக்கேன். இங்கிலீஷ் தெரியும், தமிழ் தாய்மொழி. போதும்தானே?" என்று கேட்கிற இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள். பலருக்கும் மானேஜரைப் பிடிக்கவில்லை என்பதுதான் உள் விஷயம்.

போதாது தம்பி. முதலில் எண்ணத் தெரிய வேண்டும்.

இந்தத் தொழிலில் பெரும்பாலும் வார்த்தைக் கணக்கில்தான் கூலி. எந்த மொழி வார்த்தை என்பதில் இருக்கிறது சூட்சுமம். 'ஹி வில் நாட் கம்' இங்கிலீஷில் நாலு வார்த்தை. தமிழில் 'வரமாட்டான்', ஒன்றே ஒன்று. 'இன் தி ஹவுஸ்' மூன்று, 'வீட்டில்' ஒன்று. தமிழ் அவ்வளவு சிக்கனக்காரி. 1,000 வார்த்தை இங்கிலீஷ் தமிழில் 700-ஆகச் சுருங்குகிறது என்று வையுங்கள். தமிழை எண்ணிக் காசு தரும் ஏஜென்சிக்கு 300 வார்த்தை இனாம். வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 450 ரூபாய் போச்சு. அதனால் மூலத்தை எண்ணித்தான் பில் என்று முதல் மெயிலிலேயே பேசிவிடுங்கள். தமிழை எண்ணினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'விசாரித்தான்' என்பதை 'விசாரணை மேற்கொண்டான்' என்று இழுக்கக் கை அரிக்கும். (நம் அரசாங்கக் கடிதத் தமிழ் எப்படிப் பிறந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

சாம்பிள் 200, 300 வார்த்தை கேட்டால் செய்யலாம். என்னிடம் ஓரிடத்தில் 3,000 கேட்டார்கள். முறுக்கு ருசி பார்க்க ஒன்றை எடுத்துக் கடிக்கலாம். டின்னோடு தூக்கிக்கொண்டு போனால்?

கூகுள் 2011-லேயே தமிழ் பெயர்க்க ஆரம்பித்துவிட்டது. இப்போது மெஷின் செய்ததை அனுப்பி, "சும்மா திருத்திக் குடுங்க" என்று ரேட்டைக் குறைக்கிறார்கள். புதிதாக எழுதுவதைவிடச் சில சமயம் அது லேட்டாகும். ஒரு பக்கம் செய்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ரேட் சொல்லுங்கள். ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம். முதல் பணம் வர இரண்டு மாதம் ஆகலாம். வீட்டுக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

எனக்கு வரும் வேலைகளில் புது மருந்துப் பரிசோதனைப் படிவங்களும் உண்டு. சேருகிற நோயாளி தமிழில் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாம் எழுதின தமிழை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப இங்கிலீஷாக்குவார். தப்பைப் பிடிக்க ஏற்பாடு.

ஒரு படிவத்தில் மாத்திரைக்குப் பக்கத்தில் 'பைவீக்லி' என்று இருந்தது. அகராதியில் அதற்கு இரண்டு அர்த்தம்: வாரம் இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. (நம் பத்திரிகைகள் 'மாதமிருமுறை' என்று தெளிவாகப் போட்டுவிடும்.) எதை எழுதினாலும் அந்தத் திருப்பு மொழிபெயர்ப்பில் பாஸாகிவிடும். ஆனால் மாத்திரையில் நாலு மடங்கு வித்தியாசம். முழுங்கப் போவது ஏதோ ஊரில் ஒரு பெரியவர்.

கேட்டு மெயில் போட்டேன். "எல்லாரும் பேசாம பண்ணிடறாங்க, நீங்க மட்டும் ஏன் சார்?" என்று ஏஜென்சிப் பெண் சலித்துக்கொண்டாள். டெட்லைன் தாண்டியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

பில்லில் அந்த வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய்.