மேடை ஏறவிடாதவனை எத்தனாவது இடத்தில் வைப்பீர்கள்?

அதியமான்கோட்டை பஸ் ஸ்டாப்பை ஒட்டின டீக்கடையில் போன மாதம் ஒரு சண்டை. கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன் யாரு என்று கேள்வி. எங்க காலனிப் பையன் ஒருத்தன், தருமபுரியில் காலேஜ் படிக்கிறவன். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்ததிலிருந்து குத்துச்சண்டைப் பைத்தியமாகத் திரிகிறான். அவன் 'முகமது அலி' என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் சிரித்தார்.

"தம்பி, உணர்ச்சிவசப்படாத. கணக்கைப் பாரு. ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி. ஒங்க அலி அஞ்சு தடவ தோத்தவன்."

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துச் செய்தித்தாள் ஓரத்தில் ஒண்ணு முதல் பத்து வரைக்கும் எழுதியே கொடுத்துவிட்டார். முதல் இடம் ஜாக் டெம்ப்சி. இரண்டாவது மார்சியானோ. பையன் ஜாக் ஜான்சன் பேரை எடுத்ததும் சாருக்கு முகம் மாறிவிட்டது. "எதுலயும் கறுப்பு வெள்ளை, சாதின்னு கொண்டாராதீங்கப்பா. விளையாட்ட விளையாட்டாப் பாருங்க" என்று டீக்காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பையன் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணா, நீங்க சொல்லுங்க. யாரு பெரிசு?"

சொல்கிறேன். பையனுக்கு மட்டுமில்லை, சாருக்கும் சேர்த்துத்தான்.

சார் கணக்கு என்றார். கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஜாக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை ஏழு வருஷம் உலகப் பட்டத்தை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவரோடு மோதுவதற்கு முதல் தகுதி ஹாரி வில்ஸுக்குத்தான் என்று பத்திரிகைகளே எழுதின. வில்ஸ், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளர்ந்த கறுப்பர். ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது. சண்டை மட்டும் நடக்கவில்லை. வில்ஸோடு மோதித்தான் ஆகவேண்டும் என்று நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் நெருக்கியபோது, 1926-ல் டெம்ப்சி பிலடெல்பியாவுக்குப் போய் ஜீன் டன்னி என்ற வெள்ளையரோடு மோதினார். டெம்ப்சி பயந்தாரா, பணம் போடுகிறவன் பயந்தானா என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் செய்யட்டும். மோதவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. 1950-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகைக்காரர்களிடம் ஓட்டு எடுத்தபோது, அரை நூற்றாண்டின் தலைசிறந்த குத்துச்சண்டைக்காரர் என்று டெம்ப்சியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சார் எழுதிக் கொடுத்தது அந்தப் பட்டியலின் பேரப்பிள்ளை.

இந்த மறுப்பு டெம்ப்சியோடு தொடங்கியதும் இல்லை. 1882 முதல் 1892 வரை சாம்பியனாக இருந்த ஜான் எல். சல்லிவன், யார் வேண்டுமானாலும் வரலாம், கறுப்பன் மட்டும் வரக்கூடாது என்று பகிரங்கமாகவே சொன்னவர். பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பர் அப்போது உச்சத்தில் இருந்தார். 1891-ல் அவர் ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 ரவுண்டு மோதி, முடிவில்லாமல் நிறுத்தினார்கள். மறுவருஷம் சல்லிவனோடு மோதும் வாய்ப்பு கார்பெட்டுக்குக் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. ஜாக்சனுக்கு எதுவும் இல்லை. 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்த ஜிம் ஜெஃப்ரிஸும் பட்டத்தைப் பணயம் வைத்து எந்தக் கறுப்பரோடும் மோதவில்லை.

கறுப்பர்களுக்கு என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? 'கறுப்பர் ஹெவிவெயிட் சாம்பியன்' என்று தனிப் பட்டம். டீக்கடைத் தனிக்குவளையை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் இருந்திருக்கிறது. அந்தக் குவளைக்காக சாம் லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் தங்களுக்குள்ளேயே பதினைந்து தடவைக்கு மேல் குத்திக்கொண்டார்கள். எதிரில் நிற்க வேறு ஆள் தரமாட்டார்கள், வயிறும் நிறையவேண்டும். ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம் லாங்ஃபோர்டு. தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களை விழவைத்தவர். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரே ஒரு தடவைகூட அவரை விடவில்லை. 1944-ல் ஒரு நிருபர் தேடிப்போய்ப் பார்த்தபோது, ஹார்லெமில் ஒரு அறையில் கண்பார்வை போய், கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இது எனக்குப் புரிவதற்கு அமெரிக்கச் சரித்திரம் தேவைப்படவில்லை. எனக்குப் பதினேழு வயசு இருக்கும். பக்கத்து ஊர் ஒன்றில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி. எங்க தெருவில் அன்றைக்கு இருந்த மாதிரி ஒரு டீம் சுத்துப்பட்டில் கிடையாது. நுழைவுக் கட்டணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போனோம். நோட்டில் இடம் முடிஞ்சிருச்சு என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு டீமை எங்கள் கண்ணெதிரிலேயே எழுதினார்கள். திரும்பி நடக்கும்போது ஒரு பெரியவர், கோபமே இல்லாமல், புத்தி சொல்கிற மாதிரி சொன்னார்: "கபடி தொட்டு ஆடுற ஆட்டமாச்சேப்பா."

கபடியில் எவன் கை எவன் மேல் பட்டால் எவன் அவுட் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கை பட்டு அவர்கள் அவுட் ஆகக்கூடாது. விஷயம் அவ்வளவுதான். அந்த வருஷம் ஷீல்டு வாங்கின டீமின் பேரை மைதானத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருந்தார்கள். 'தோல்வியே காணாத அணி' என்று. சரிதான், எங்ககிட்டத் தோற்றதே இல்லை!

குத்துச்சண்டையும் தொட்டு ஆடுகிற ஆட்டம்தான். கறுப்பன் குத்தில் வெள்ளையன் மல்லாந்து விழுவதை ஊர் பார்க்கக்கூடாது. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் ஜாக் ஜான்சன் டாமி பர்ன்ஸை அடித்துப் பட்டத்தை எடுத்ததும் வெள்ளை உலகம் பதறியது. ஓய்வில் இருந்த ஜெஃப்ரிஸைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜெஃப்ரிஸ் கதை முடிந்தது. அன்று ராத்திரியே அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பர்களைத் தேடித்தேடி அடித்தார்கள். உயிர்கள் போயின. ஒருத்தன் நிமிர்ந்து நின்றதற்குத் தெருவே விலை கொடுக்கவேண்டும் என்பது 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்த இந்த மாவட்டத்துக்காரனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அங்கேயும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் விரும்பிக் கட்டிக்கொண்டதற்கு மூன்று காலனிகள் எரிந்தன. ஜான்சன் மீதும் வெள்ளைப் பெண்களோடு பழகினான் என்பதுதான் பெரிய ஆத்திரம். மேடையில் முடியாததை 1913-ல் கோர்ட்டில் செய்தார்கள். அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு வந்தது 2018-ல்.

1915-ல் ஹவானாவில் ஜான்சன் பட்டத்தை இழந்தபிறகு 22 வருஷம் ஒரு கறுப்பரையும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதவிடவில்லை. 1937-ல் ஜோ லூயிஸ் வந்தார். அவரைச் சுற்றியிருந்த கறுப்பர்களே அவருக்குச் சட்டம் போட்டார்கள்: வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தெருவுக்குள் நடக்கவேண்டும் என்கிற மாதிரி. அப்படி நடந்துகொண்டே மனுஷன் 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றினார். ஹெவிவெயிட்டில் அந்த எண்ணிக்கையை இன்னும் யாரும் தாண்டவில்லை. டெம்ப்சிக்கு வில்ஸை விட்டுவிட இடம் இருந்தது. லூயிஸுக்கு யாரையும் விட்டுவிட இடமில்லை.

அப்படியானால் கறுப்பர் எல்லாம் மேலே, வெள்ளையர் எல்லாம் கீழே என்று எழுதிவிட்டால் முடிந்ததா? அதுவும் சோம்பேறிக் கணக்குதான். மார்சியானோ செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி மகன். வால்காட், சார்லஸ், மூர் என்று தன் காலத்தின் பெரிய கறுப்பர்கள் யாரோடும் மோதமாட்டேன் என்று சொன்னதில்லை. 49-ஐ நான் மதிக்கிறேன். ஆனால் வால்காட்டும் மூரும் வயசாளிகளாகி வந்தார்கள். 1951-ல் அவர் விழவைத்த ஜோ லூயிஸுக்கு வயசு 37, வரி பாக்கி துரத்தியதால் மறுபடி கையுறை மாட்டியவர். இதையெல்லாம் எழுதாமல் 49 என்று மட்டும் எழுதினால் எப்படிக் கணக்காகும்?

நம்ம ஆட்கள் பக்கத்தையும் பேசவேண்டும். ஜான்சன் சாம்பியன் ஆனபிறகு லாங்ஃபோர்டுக்குப் பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கொடுக்கவே இல்லை. 1906-ல், தன்னைவிட எடை மிகக் குறைந்த லாங்ஃபோர்டை அடித்திருந்தார். ஆள் வளர்ந்து வந்தபிறகு கிட்டே சேர்க்கவில்லை. கறுப்பனோடு மோதினால் வசூல் வராது என்பது காரணம். ஏறினதும் ஏணியை இழுத்துக்கொள்கிற இந்தக் கதை நம் தெருக்களில் எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

அலி மட்டும் யோக்கியமா? ஜோ ஃப்ரேஸியர் தெற்குக் கரோலினாவில் கூலி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பிலடெல்பியாவில் மாட்டுத்தொட்டியில் வேலை பார்த்துக்கொண்டு, தொங்கும் மாட்டுக்கறியைக் குத்திப் பழகியவர். அவரைப் பார்த்து வெள்ளையர்களின் அடிமை என்றும் கொரில்லா என்றும் அலி ஊரறியக் கேலி பேசினார். கறுப்பன் வாயால் கறுப்பனுக்கு வந்த வசவு அது. மாட்டுக்கறியைக் குத்தும் அந்தக் காட்சி 1976-ல் 'ராக்கி' படத்தில் ஒரு வெள்ளைக் கதாநாயகனுக்குப் போனது. பிறந்தே இராத அந்த ராக்கிக்குப் பிலடெல்பியாவில் 1980-களிலேயே சிலை. ஃப்ரேஸியருக்கு அந்த ஊரில் சிலை வந்தது 2015-ல், அவர் இறந்து நாலு வருஷம் கழித்து. சிலைக்கு எவ்வளவு காத்திருக்கவேண்டும், வைத்தபிறகும் எதற்குக் கம்பிக்கூண்டு போடவேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த சமாச்சாரம்.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒருத்தனுக்கு இடம் கொடுக்குமுன் மூணு கேள்வி கேட்கிறேன். யாரோடு மோதினான், யாரோடு மோத மறுத்தான்? அந்த மேடைக்கு வர என்ன விலை கொடுத்தான்? மேலே போனபிறகு அடுத்தவனுக்கு வழி விட்டானா?

முதல் இடம் அலிக்குத்தான். லிஸ்டன், ஃப்ரேஸியர், நார்ட்டன், ஃபோர்மன் என்று தன் காலத்துப் பலசாலி ஒருத்தனையும் அவர் விட்டுவைக்கவில்லை. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதற்காக 1967-லிருந்து மூன்றரை வருஷம் மேடையை அடைத்தார்கள். 25 வயசிலிருந்து 28 வயசு வரை, உடம்பு உச்சத்தில் இருந்த காலம். அந்த ஐந்து தோல்வியும் அதற்குப் பின்னால் வந்தவை சார், தேதியைப் பாருங்கள். ஆனால் ஃப்ரேஸியரைப் பேசின பேச்சை அவர் பேருக்குக் கீழேயே எழுதிவைக்கவேண்டும். இரண்டாம் இடம் லூயிஸ். மூன்றாம் இடத்தில் ஜான்சனையும் லாங்ஃபோர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தீர்க்காமல் விட்ட கணக்கு அது. அதற்கடுத்து ஃப்ரேஸியர். பிறகு ஃபோர்மன், ஹோம்ஸ், மார்சியானோ, லிஸ்டன். லிஸ்டன் பிறந்த தேதி எந்த ரெக்கார்டிலும் ஒழுங்காக இல்லை. எங்க பெரியப்பாவுக்கும் இல்லை. டெம்ப்சியைப் பத்தாவதாக எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. பக்கத்தில் ஹாரி வில்ஸ் பேரையும் எழுதவேண்டும்.

இந்தப் பட்டியலோடு சண்டை போடுங்கள், வரவேற்கிறேன். 'தி ரிங்' பத்திரிகையை 1922-ல் தொடங்கிய நாட் ஃபிளெய்ஷர் ஜான்சனை முதலாவதாக வைத்தவர். அவரே அலிக்கு முதல் பத்தில் இடம் தரவில்லை. வாதம் இருக்கட்டும். விளையாட்டை விளையாட்டாப் பாரு என்று வாயை அடைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. விளையாட்டை விளையாட்டாக ஆடவிடாதது யார்? பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித். மைதானத்தில் அவர் போட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். டீ மட்டும் வெளியே, தனி மண்குவளையில். 'இந்துக்கள்' அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. சிறந்த கேப்டன்கள் பட்டியலில் பாலு ஏன் இல்லை என்று சார்கிட்டக் கேட்டால், 'அவர் கேப்டனாவே இல்லையேப்பா' என்பார்.

நம்ம சங்கப் பாட்டுக்களும் இதே வேலையைத்தான் செய்திருக்கின்றன. புறநானூற்றில் 80-ஆவது பாட்டு, சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை விழவைத்ததைச் சொல்வது. ராசாவுக்கு இவ்வளவு நீளப் பேர். பாடினவருக்குப் பேர். பார்க்கவேண்டிய அவன் அப்பன் தித்தனுக்குக்கூடப் பேர் இருக்கிறது. விழுந்தவனுக்கு ஊர்ப்பேரும் தொழில்பேரும் மட்டும்தான். அவன் அதற்குமுன் எத்தனை பேரை விழவைத்தான், எவன் பாடினான்? எங்க ஊரிலும் அதியமான் பேர் கோட்டைக்கு இருக்கிறது, அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்காய்க்கு இருக்கிறது. தகடூர்ப் போரில் அவனுக்காகச் செத்தவன் பேர் எங்கே?

வாத்தியார் சார், உங்கள் காகிதத்தை என்னிடமே வைத்திருக்கிறேன். ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறது. பையன் இப்போது அதில் எங்க கபடி டீமில் இருந்த ஏழு பேர் பேரையும் எழுதிக்கொண்டிருக்கிறான். ஒருத்தர் பேர் எனக்கே மறந்துபோயிருந்தது. அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்து எழுதினான்.