கட்டிலருகே ஒரு கன்றின் படம்

நோயாளியைக் காண வரும் உறவினர் கைபேசியில் பேரக்குழந்தையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார். இடையில், கட்டுத்தரையில் நிற்கும் பசுவோ, திண்ணையில் சுருண்டு கிடக்கும் நாயோ திரையில் வந்துவிடும். அருகில் செவிலியர் நிற்பதைக் கண்டதும், "அது ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்" என்று கூச்சத்துடன் அதைக் கடந்துவிடுவார். கட்டிலில் இருப்பவரோ தலையைத் தூக்கி, "அதைக் காட்டு, அதைக் காட்டு" என்பார்.

அந்தக் கூச்சம் வேண்டியதில்லை என்று நாங்கள் கருதுகிறோம். வீட்டு உயிர்களின் படத்தையும் அன்றாடச் செய்தியையும் நோயாளியின் கட்டிலருகே கொண்டுவருவது பராமரிப்பின் ஒரு பகுதியே.

பல்லடம் கறிக்கோழிக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே கோழியை இலட்சக்கணக்கில் எண்ணுவர். அதே ஊரில், ஒற்றை நாட்டுக்கோழிக்குப் பெயர் சூட்டி, அது அடை காப்பதை நினைத்து அறுவை சிகிச்சை நாளைத் தள்ளிவைக்கக் கேட்ட ஆத்தாவையும் நாங்கள் கண்டிருக்கிறோம். சிரித்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் யோசித்தபோது, அவர் தோட்டத்தில் தனியே வாழ்பவர் என்பது நினைவுக்கு வந்தது. காலையில் எழுந்ததும் அவர் குரல் கொடுக்கும் உயிர்கள் அந்தக் கோழிகள் மட்டுமே.

சேர்க்கையின்போது, "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறோம். மனிதர்களைப் பற்றிய விடை மட்டுமே கிடைக்கிறது. நாங்களும் அதை மட்டுமே எதிர்பார்க்கிறோம். மூன்றாம் நாள், மருந்து பாதியில் இருக்கும்போதே, "என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று நோயாளி பிடிவாதம் பிடிப்பார். காரணத்தைத் துருவிக் கேட்டால், கை மாறினால் பால் விடாத மாடு ஒன்று பின்னணியில் இருக்கும். அல்லது பட்டியில் ஈனும் தறுவாயில் ஓர் ஆடு நிற்கும். இதை முதல் நாளே கேட்டிருந்தால் பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஓர் ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கலாம்.

படத்தின் அருமையை எங்களுக்குக் கற்பித்தவர் ஒரு முதியவர். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணுடன் வந்தவர். சில வாரம் இங்கே, பின்னர் கட்டு மாற்றுவதற்கு வசதியாக நகரில் மகள் வீட்டில், மீண்டும் இங்கே என்று ஆறு மாதங்கள் கழிந்தன. அவர் முதன்முறை சேர்வதற்கு ஒரு வாரம் முன்புதான் வீட்டுக் காங்கேயம் பசு கன்று ஈன்றிருந்தது. மகள் நாள்தோறும் கன்றின் படத்தைக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகே அவர் இட்லியைத் தொடுவார்.

இரண்டாம் மாதத்தில் பசுவையும் கன்றையும் விற்றுவிட்டனர். பார்க்க ஆளில்லை, பணமும் தேவைப்பட்டது. அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று மகள் எங்களிடம் கேட்டுக்கொண்டபோது, நாங்களும் தலையசைத்தோம். முன்பு எடுத்த படங்களே மாற்றி மாற்றிக் காட்டப்பட்டன.

ஒருநாள் அவர் கைபேசியைத் தம் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, ஆறு மாசமாச்சு. இது இன்னமும் செவலையாவே இருக்குது?" என்றார்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மாறி மயிலையாகும். வாழ்நாள் முழுவதும் மாடு வளர்த்தவரிடம் இதை மறைக்க முயன்றோம். மகள் அழுதார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சில நாள்கள் படமும் கேட்கவில்லை. தட்டில் பாதி உணவு மீந்தது. நாங்கள் மருந்தின் பெயர் சொன்னால், "செரி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் சொல்லில் அவருக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. அது எங்கள் தவறு.

அதன்பின் மருமகன், வாங்கியவரின் தோட்டத்துக்குச் சென்று, அவருடைய அனுமதியுடன் கன்றைப் படமெடுத்து வந்தார். மயிலையாகியிருந்தது. முதியவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டு பார்த்தார். "திமில் நல்லா எடுத்திருக்குது" என்றார். பிறகு என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டார். தொகையைச் சொன்னதும், ஏமாந்துவிட்டீர்கள் என்று அரை மணி நேரம் மருமகனைத் திட்டித் தீர்த்தார். அன்றிரவு தட்டு காலியாக இருந்தது.

இது பாமர உணர்ச்சி என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். நவீன செவிலியியலின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகளில், நெடுநாள் நோயாளிகளுக்குச் சிறிய வளர்ப்புயிர் மிகச் சிறந்த துணை என்று எழுதியிருக்கிறார். அவரே ஓர் ஆந்தைக் குஞ்சை ஏதென்ஸ் நகரில் மீட்டு வளர்த்தவர். 1980-இல் அமெரிக்காவில் எரிகா ஃபிரீட்மன் குழுவினர், இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தனர். வளர்ப்புயிர் வைத்திருந்த 53 பேரில் மூவரும், வைத்திராத 39 பேரில் பதினொருவரும் இறந்திருந்தனர். இது சிறிய ஆய்வு. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதனோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே நாய் வளர்த்தால் மாரடைப்பு வராது என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலிரவு தெரியாமல் குழம்பும் முதியோர்க்குக் கடிகாரமும் கண்ணாடியும் பழகிய முகங்களின் படங்களும் உதவுகின்றன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம். பழகிய முகம் மனித முகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் முன்னோர்க்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்துடன் அவனது நாயின் உருவத்தையும் செதுக்கினர். நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுத்தில் வெட்டினர். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போர்க்கோழி ஒன்றுக்கே நடுகல் உண்டு. அக்காலத்தில் படம் பகிர்வதற்குக் கல்தச்சர் தேவைப்பட்டார். நமக்குக் கைபேசி போதும்.

எனவே உறவினர்களிடம் சில வேண்டுகோள்கள். படம் அன்றன்று எடுத்ததாக இருக்கட்டும். மாடு தீவனம் எடுத்ததா, நாய் வாசலில் காத்திருக்கிறதா என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். படத்தைக் காட்டிலும் அதற்கே மதிப்பு அதிகம். விற்றிருந்தாலோ இறந்திருந்தாலோ, எப்போது எப்படிச் சொல்வது என்று மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். காலத்தைத் தள்ளிவைக்கலாம், பழைய படத்தைப் புதியதென்று காட்ட வேண்டாம். அதற்கு இனி நாங்களும் துணை வரமாட்டோம். படம் காட்டும்போது ஒலியைக் குறைத்து, பக்கத்துக் கட்டில்காரர் உறங்குகிறாரா என்று பாருங்கள். விடுதியில் பிற நோயாளிகளைப் படமெடுக்காதீர்கள்.

உயிருள்ள விலங்கை வார்டுக்குள் கொண்டுவர அனுமதியில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்குச் சிறு கீறலும் தொற்றாகலாம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, அது வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் வர வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறோம்.

சேர்க்கைப் படிவத்தில், "வீட்டில் பராமரிக்க வேண்டிய கால்நடை, வளர்ப்புயிர் உண்டா? இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்ற வரியைச் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். வெளிநோயாளர் கூடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையின் இடப்பாதி பட்டிப்பொங்கல் வரை இப்படங்களுக்காக ஒதுக்கப்படும். அச்சிட்ட படத்தைச் செவிலியர் மேசையில் கொடுக்கலாம். பின்புறத்தில் நோயாளியின் பெயரோ ஊரோ வேண்டாம். அந்த உயிரின் பெயரையும், அதைப் பற்றி இரண்டு வரிகளையும் எழுதித் தாருங்கள்.