தொண்டையின் துவாரபாலகர்கள்

திருவிடந்தையில் நித்தியகல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, வரும் வழியில் கோவளம் கடற்கரையில் பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து வீடு திரும்பும் குடும்பங்கள் பல. மறுநாள் குழந்தைக்குத் தொண்டை வலித்தால் பழி ஐஸ்கிரீமின் மீதும் கடற்காற்றின் மீதும் விழும். ‘உள்நாக்கு வளர்ந்துவிட்டது’ என்று சொல்லிப் பாட்டி சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் பூசுவார்.

உள்நாக்கு பாவம், அது நடுவில் தொங்கும் சிறு சதை மட்டுமே. வீங்குபவை அதன் இருபுறமும் உள்ள டான்சில்கள். கருவறை வாயிலின் இருமருங்கிலும் நிற்கும் துவாரபாலகர்களைப் போலவே இவையும் நிற்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இவை பகைவரை விரட்டுவதோடு நிற்பதில்லை. பிடித்து வைத்து ஆராய்கின்றன. டான்சிலின் மேற்பரப்பில் ஆழமான குழிகள் உள்ளன. அவற்றில் சிக்கும் கிருமியின் துணுக்குகளை அங்குள்ள அணுக்கள் உள்ளே கொண்டு சேர்க்கின்றன. உள்ளே ‘பி’ அணுக்கள், ‘டி’ அணுக்களின் துணையோடு, அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கப் பயில்கின்றன. இந்தப் பயிற்சி சிறுவயதில்தான் மும்முரம். வளர வளர டான்சில் சுருங்கிவிடும். தாத்தாவுக்கு வராத தொல்லை பேரனுக்கு வருவது இதனால்தான். சிவப்பும் வீக்கமும் அந்தப் போரின் அடையாளங்கள். மேலே தோன்றும் வெண்புள்ளிகளில் இருப்பது போரில் மடிந்த வெள்ளை அணுக்களும் கிருமிகளும்.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, தானே அடங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருவதே கவலைக்குரியது. அது தொற்றி நோய் வெளிப்பட 2 முதல் 5 நாள்கள் ஆகும். ஆக, கோவளத்திற்குக் கிளம்புமுன்பே குழந்தையிடம் அது குடிபுகுந்திருக்கும். ஐஸ்கிரீம் நிரபராதி!

சில குழந்தைகளுக்கு மட்டும் இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அமெரிக்காவின் லா ஹோயா ஆய்வு நிலையத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வியப்பான விடை தருகிறது. அத்தகைய குழந்தைகளின் டான்சில்களில், ‘பி’ அணுக்களுக்குத் துணை நிற்க வேண்டிய ‘டி’ அணுக்களில் ஒரு பகுதி, அவற்றையே கொல்லும் புரதத்தை ஏந்தியிருந்தது. இக்கிருமிக்கான எதிர்ப்புப் புரதமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. காவலர்களுக்குள்ளேயே பகை!

அதற்காக டான்சிலை உடனே அறுத்தெறிய வேண்டியதில்லை. ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டாண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்றாண்டுகள் ஆண்டுக்கு 3 முறை கடுமையாக வந்தால்தான் அறுவையைப் பற்றி மருத்துவர்கள் பொதுவாக யோசிக்கின்றனர்.

அசட்டையும் ஆகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்க உருவான புரதங்கள் சில குழந்தைகளிடம் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகின்றன. 5 முதல் 15 வயதுவரை மிகுதியாக வரும் இந்த வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் காலமெல்லாம் பழுதாக்கிவிடக்கூடும். நம் நாட்டில் இது இன்னும் ஒழிந்தபாடில்லை. வலி தொடங்கி 9 நாள்களுக்குள் பெனிசிலின் தொடங்கினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆகவே இருமலோ சளியோ இன்றிக் காய்ச்சலும், தொண்டையில் வெண்புள்ளியும், கழுத்தில் நெறிக்கட்டியும் சேர்ந்து வந்தால், சுண்ணாம்பைக் குழைக்குமுன் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மாத்திரை 10 நாள்களுக்கு என்று எழுதியிருப்பார். மூன்றாம் நாளே குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும். மீதி ஏழு நாள் மாத்திரையைக் கொடுக்க வைப்பது பாட்டியால் மட்டுமே முடியும்.