ஈரல் எழுதும் கடிதங்கள்

ஐயப்பன்தாங்கல் வாசகி ஒருவருக்கு ஒரே கோபம். வேறெதற்கோ வயிற்றை 'ஸ்கான்' எடுக்கப் போன இடத்தில், ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். "மதுவைக் கையாலும் தொடாதவள் நான். இதை வீட்டில் எப்படிச் சொல்வது?" என்று கேட்கிறார்.

தாராளமாகச் சொல்லுங்கள், அம்மா! சென்னை நகரவாசிகள் 541 பேரைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 32 பேருக்கு மதுவின் சம்பந்தமில்லாமலே இந்தக் கொழுப்பு இருந்தது. நீரிழிவுக்காரர்களில் பாதிக்கு மேல். சோறும் சர்க்கரையும் செலவாகாமல் மிஞ்சினால், ஈரல் அதைக் கொழுப்பாக்கிச் சேமித்து வைக்கிறது. அவ்வளவுதான் குற்றம்!

ஆனால், வலிக்கவில்லையே என்று அந்தக் காகிதத்தை அலமாரியில் போட்டு விடாதீர்கள். ஈரல் வெளியே சத்தம் போடாது. உள்ளுக்குள் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்.

கதை அல்ல, நிஜம். நம் உடலின் உயிரணுக்கள் நுண்ணிய குமிழிகளை வெளியே விடுகின்றன. எண்ணூறு குமிழிகளை வரிசையாக வைத்தால் ஒரு தலைமயிரின் கனம் வரலாம்! 1967-ல் ரத்தத்தில் இவற்றைப் பார்த்த பீட்டர் உல்ஃப் 'தூசி' என்றே குறிப்பிட்டார். உயிரணு வீசும் குப்பை என்றுகூடப் பலர் எண்ணினார்கள். 2007-ல்தான் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள், ஓர் அணு மற்றோர் அணுவுக்கு அனுப்பும் உத்தரவுகள் இந்தக் குமிழிகளுக்குள் இருப்பதைக் காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது தபாலாகப் போயிற்று!

கொழுப்பு தாங்காமல் திணறும் ஈரல் அணு, இந்தத் தபாலை ஏராளமாக அனுப்புகிறது. காவல் அணுக்களுக்குப் போனால் அவை கொதித்தெழுந்து அழற்சி உண்டாக்குகின்றன. பக்கத்திலேயே சாதுவாக இருக்கும் வேறு சில அணுக்களுக்குப் போனால், அவை நார் நாராகத் தழும்பு பின்னத் தொடங்குகின்றன. இதை 2015-ல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும்.

இந்தக் கடிதங்கள் ரத்தத்திலும் மிதப்பதால், ஊசியால் ஈரலைக் கிள்ளி எடுக்காமலே நோயின் தீவிரத்தைப் படித்துவிடலாம் என்று ஆராய்கிறார்கள். அது இன்னும் வழக்கமான வைத்தியச் சோதனையாகவில்லை. யாராவது விளம்பரம் செய்து பணம் கேட்டால் கைப்பையை மூடிக்கொள்ளுங்கள்!

கியூபாவில் 293 பேரை ஓராண்டு கவனித்து 2015-ல் வெளியான ஆய்வு ஆறுதல் தருகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அழற்சி அடங்கியது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்பும் குறைந்தது. எழுபது கிலோ இருப்பவர் மூன்றரை கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். பூந்தமல்லி சாலையில் நடக்க இடமேது என்பீர்கள்; உங்கள் தெருவிலேயே நடக்கலாமே! இன்னொன்று: எல்லோரும் சாப்பிட்டானபின், பாத்திரத்தில் மிஞ்சிய சோறு வீணாகிறதே என்று உங்கள் தட்டில் போட்டுக்கொள்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள்.

நீரிழிவும் இருந்தால், ஈரலில் தழும்பு உண்டா என்று பார்க்கும் சோதனை தேவையா என வைத்தியரைக் கேளுங்கள். போகும்போது அந்த 'ஸ்கான்' காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.