பி.காம். படிக்கிறவனுக்கு ஓப்பன் சோர்ஸில் என்ன வேலை?

"நீ பி.காம். தானே, உனக்கு எதுக்குடா பொட்டி தட்டுற வேலை?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பைத்தான் மொழியின் ரவுண்ட் கட்டளையிடம் 2.5-ஐக் கொடுத்தால் என்ன வரும்? முக்கால்வாசிப் பேர் 3 என்பார்கள். வருவது 2. அதுவே 3.5-ஐக் கொடுத்தால் 4 வரும். சரி பாதியாக இருந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போய்விடும். பேங்கர்ஸ் ரவுண்டிங் என்று பெயர்.

நம் ஊர் சட்டம் வேறு சொல்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 170-ஆம் பிரிவு: 50 காசோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைவாக இருந்தால் விட்டுவிடு. ஆக ரூ.2.50 என்பது சட்டப்படி 3, பைத்தான்படி 2. இந்த 170-ஆம் பிரிவு ஜெர்மனியில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தரமணியில் எழுதுகிறவருக்கே பல நேரம் தெரியாது. பரீட்சைக்காக உருப்போட்ட நமக்குத் தெரியும் :-) மும்பையில் பிறந்த, பைத்தானிலேயே எழுதப்பட்ட இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற கட்டற்ற கணக்கு மென்பொருளில் இன்று பேங்கர்ஸ் ரவுண்டிங்கா கமர்ஷியல் ரவுண்டிங்கா என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் கத்தாமல் இந்த மாதிரி விஷயம் எந்த மென்பொருளிலும் நுழையாது என்பது என் கட்சி.

ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பது என்றால் லினக்ஸ் கெர்னலைப் பிரித்து மேய வேண்டும் என்று ஒரு பயம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறோம். மீதிப் பேர் செய்கிற கூத்தைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயம் எந்த நிரலில் தப்பாகவோ குறையாகவோ இருக்கிறது என்று தேடுங்கள். கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

உதாரணம் சொல்கிறேன். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய இன்னொரு திட்டம், ஓபன்-தமிழ். பைத்தானில் தமிழைக் கையாளும் நூலகம், எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினியைக் கேட்டால் யூனிகோடு கணக்கில் 5 என்று சொல்லும் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). மூன்று என்று சரியாக எண்ணித் தருவது மாதிரியான வேலைகளை இந்த நூலகம் செய்கிறது. அதிலேயே எண்ணை எழுத்தால் எழுதித் தரும் பகுதியும் உண்டு. இலட்சம், கோடி என்று எழுத ஒன்று, மில்லியன், பில்லியன் என்று எழுத இன்னொன்று.

இது நம்ம ஏரியா. காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகைகள் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் தப்பு நடந்தால் காசில் தப்பு நடக்கும்.

தமிழ் எண்ணோ சும்மா விடாது. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று போய்விட்டு, அடுத்து திடீரென்று ஒன்பதாயிரம் என்று திரும்பி வரும். நூறு, ஆனால் நூற்று ஒன்று. இலட்சம், ஆனால் இலட்சத்து ஒன்று. கோடிக்கு வந்தால் 'கோடியே ஒன்று'. பேச்சில் நூத்தி ஒண்ணு என்று மொய் எழுதுகிறோமே, அதை நிரல் எப்படி எழுத வேண்டும்? இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வேண்டாம். மயிலாப்பூர் மாட வீதியில் கணக்கு எழுதும் பெரியவர் யாரையாவது கேட்டாலே சொல்லிவிடுவார்.

செய்முறைக்கு வருவோம். முதலில் நூலகத்தை உங்கள் கணினியில் நிறுவி, 90, 900, 9,000, 1,00,001, 1,00,00,001 என்று வில்லங்கமான எண்களாகக் கொடுத்துப் பாருங்கள். ஏதாவது இடறினால் உடனே நிரலைத் திருத்த ஓடாதீர்கள். கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் இஷ்யூ பட்டியலில் இதை யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதுங்கள். என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்தப் பதிப்பு. நாலு வரி போதும். ஆள் யாராவது "சரி, திருத்து" என்று சொன்ன பிறகு ஃபோர்க் செய்து, தனிக் கிளை எடுத்து, முதலில் ஒரு சோதனையை எழுதுங்கள். இப்போது இருக்கும் நிரலில் அந்தச் சோதனை தோற்க வேண்டும், உங்கள் திருத்தத்துக்குப் பிறகு ஜெயிக்க வேண்டும். பழைய சோதனைகள் எல்லாம் அப்படியே ஜெயிக்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் உங்கள் வாதத்தை நீங்கள் பேசவே வேண்டாம், சோதனையே பேசும். ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு விஷயம்தான். போகிற போக்கில் பக்கத்து வரிகளின் இடைவெளியை எல்லாம் சரிசெய்து கொடுத்தால் படிக்கிறவர் கடுப்பாவார்.

இப்போது அந்தக் கூத்து. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், அக்டோபர் மாதம் நாலு புல் ரிக்வெஸ்ட் கொடுத்தால் டி-ஷர்ட் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2020-இல் என்ன ஆனது? 'அருமையான திட்டம்' என்று ரீட்மீ கோப்பில் இரண்டு வார்த்தை சேர்த்து ஆயிரக்கணக்கில் குவித்துவிட்டார்கள், நிறைய நம் ஊர் மாணவர்கள். நிர்வகிப்பவர்கள் நொந்து போய், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2024-இல் எக்ஸ்பிரஸ் ஜே.எஸ். திட்டத்தின் ரீட்மீயில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி மறுபடி ஒரு படையெடுப்பு. இப்போது ஏ.ஐ.-யை எழுத வைத்து, படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார்கள். கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் 2024-இலிருந்தே புலம்பிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. தி.நகர், அசோக் நகர் பக்கம் நடந்தால் 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்' என்று மாடிக்கு மாடி பலகை தொங்குகிறது. காசு கொடுத்தால் நிரலும் அறிக்கையும் பைண்டிங்கோடு கிடைக்கும். வைவா முடிந்த மறுநாள் அந்த நிரலை ஒரு ஈ காக்காய் திறந்து பார்க்காது. அப்படி வாங்கிப் பழகியவனுக்கு ரெஸ்யூமேவில் ஒரு வரி கிடைத்தால் போதும். மறுமுனையில், சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை இட்லி ஆறிக்கொண்டிருக்க, இதை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற மனிதர் அவன் கண்ணில் படுவதில்லை. பெரிய திட்டங்கள் தாங்கும். ஒரு கை விரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்களை வைத்து ஓடும் தமிழ்த் திட்டங்கள் தாங்குமா?

நேரில் பேச ஆசைப்படுபவர்களுக்கு சென்னை லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கூச்சப்பட்டால் கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்கலாம், 2012-இலிருந்து எழுதி வருகிறார்கள்.

புல் ரிக்வெஸ்ட் கொடுத்தபின் பதில் வர ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அவர்களுக்கும் வேலை, வீடு, குழந்தை உண்டு. ஒரு தடவை மரியாதையாக நினைவுபடுத்தலாம். "இந்தப் பெயரை மாற்று, இன்னொரு சோதனை சேர்" என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், ஒருவர் உட்கார்ந்து உங்கள் நிரலை வரி வரியாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். மூன்று வருடக் கல்லூரியில் நம் விடைத்தாளை அப்படிப் படித்தவர் எத்தனை பேர்?