ஆறு வயசில் உத்தியோகம்

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘ஆக்குபேஷனல் தெரபி.’ எனக்குத் தெரிந்த ஒரே ஆக்குபேஷன், விண்ணப்பப் பாரத்தில் பெயர், வயசுக்குக் கீழே வரும். என் பையனுக்கு வயசு ஆறு. இவனுக்கு என்ன உத்தியோகம்? இருபத்தெட்டு வயசு மச்சினனுக்கே இன்னும் கிடைக்கவில்லை!

விஷயம் இதுதான். ஸ்கூலுக்குக் கொண்டுபோகிற வாட்டர் பாட்டில், சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பி வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாசக் கணக்காக. “ஏண்டா குடிக்கலை?” என்றால் “தாகம் எடுக்கலைப்பா” என்பான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் சொம்போடு கவிழ்த்துக்கொள்வான். பிடிவாதம் என்று நினைத்துத் திட்டினேன். ஒரு தடவை அடித்தும்விட்டேன்.

கடைசியில் என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“டிராயர் பட்டனைக் கழட்டினா திரும்பப் போடத் தெரியலைங்க. பசங்க சிரிக்கறாங்களாம். தண்ணி குடிக்காம இருந்தா பாத்ரூமே போக வேண்டாமே, அதான்.”

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, “வியாதி ஒண்ணும் இல்லை. விரல், தோள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யறதுல கொஞ்சம் தாமதம்” என்று அந்தச் சீட்டைக் கொடுத்தார்.

தெரபி அறையில் பெரிய மெஷின்களை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது ஊஞ்சல், ராட்சத பந்து, களிமண், ஒரு டப்பா நிறைய துணி கிளிப். இதற்கா பீஸ் கட்டினோம் என்று வயிறு எரிந்தது. பையனோ ஊஞ்சலில் குப்புறப் படுத்து ஆடிக்கொண்டிருந்தான்.

“மேடம், பிரச்னை விரல்லதானே? ஊஞ்சல் எதுக்கு?”

“சார், ஓடற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னுக்கிட்டு சட்டைப் பட்டன் போடுவீங்களா?”

“விழுந்துடுவேன்.”

“முதுகும் தோளும் உறுதியா நின்னாத்தான் விரல் நிதானமா வேலை செய்யும். உங்க பையனுக்கு நாற்காலியில உட்கார்றதே பஸ்ல நிக்கற மாதிரி.”

தினம் ஃபுட்போர்டில் போகிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கிளிப்பை டப்பா விளிம்பில் மாட்டுவது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தண்டால். உண்டியலில் காசு போடுவது, பட்டனைத் துவாரத்தில் நுழைப்பதற்கு ஒத்திகை.

ஆக்குபேஷன் என்றால் சம்பள வேலை மட்டும் இல்லையாம். ஒரு மனுஷன் தன் நாளை எதில் செலவழிக்கிறானோ, அதெல்லாம். குழந்தைக்குச் சாப்பிடுவது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது. 1917ல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் பிறந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் டாக்டரே இல்லை, கட்டட ஆர்க்கிடெக்ட். இடது பக்கம் செயலிழந்து, தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்தே தேறியவர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்ட கமலா நிம்ப்கர், 1950ல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இதற்கு ஒரு பள்ளியே தொடங்கினார். எனக்குத்தான் எழுபது வருஷம் லேட்டாகத் தகவல் வந்திருக்கிறது.

“காலையில இவனுக்கு யார் சார் டிரஸ் போடறது?” என்றார் மேடம்.

“நான்தான்” என்றேன் பெருமையாக. “ரெண்டே நிமிஷம். எனக்கு 8.10 ரயில்.”

“இவனுக்கு இப்படி ஆனது உங்களால இல்லை. ஆனா இவன் பழக வேண்டிய வேலையை தினம் நீங்க செஞ்சு முடிச்சுடறீங்க.”

ஆபீசில் என் ஃபைலை இன்னொருத்தன் எடுத்து முடித்தால் நான் என்ன குதி குதிப்பேன்! வீட்டில் ஆறு வருஷமாக அதையேதான் செய்திருக்கிறேன்.

அவர் சொன்ன வழி சுலபம். பட்டனை முக்கால்வாசி நீங்களே நுழையுங்கள். கடைசி இழுப்பை மட்டும் பையனிடம் விடுங்கள். அது கைவந்ததும் பாதியில் விடுங்கள். பிறகு முழுசும். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் நடுவிலேயே தோற்றுப்போவான். கடைசிப் படியிலிருந்து வந்தால் தினமும் முடித்தவன் அவன்தான்.

வீட்டுப் பாடத்துக்குப் பெரிய பட்டன் வேண்டும் என்றார். என் கல்யாணக் கோட்டின் பட்டன்களைப் பிய்த்து ஒரு துணியில் தைத்தாள் மனைவி. எட்டு வருஷத்தில் அந்தக் கோட்டு செய்த ஒரே உருப்படியான காரியம். கற்றுக்கொள்ளும்வரை ஸ்கூலுக்கு வெளியே பட்டன், உள்ளே எலாஸ்டிக் வைத்த டிராயர். பாட்டில் பாதி காலியாக வர ஆரம்பித்தது.

நாலு மாசம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அசல் டிராயரை எடுத்துக்கொண்டு வந்தான். “நீ தொடாதேப்பா.”

பட்டன் நழுவியது. மறுபடி நழுவியது. உதவி செய்யத் துடித்த கைகளைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் சிறை வைத்தேன். மணி 8.05. நாக்கைத் துருத்திக்கொண்டு போராடினான். 8.10 போயே போய்விட்டது. 8.13க்குப் பட்டன் உள்ளே போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான் பாருங்கள்... எனக்குப் பிரமோஷன் வந்த அன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஆபீசில் மானேஜர் கடிகாரத்தைக் காட்டினார். “பையன் வேலைக்குக் கிளம்ப லேட்டாயிடுச்சு சார்” என்றேன். முறைத்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் முதல் காரியமாக வாட்டர் பாட்டிலை எடுத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை.